சில்லறைக்கு ஒரு லைட்னிங் வாலட்: கொடைக்கானல் சிக்னலில் எது தாங்கும்?

கொடைக்கானலில் ஒரு டீக்குக் காசு கொடுக்க க்ரிப்டோ தேவையே இல்லை. யுபிஐ இருக்கிறது, வேகமாகப் போகிறது, கட்டணமும் கிடையாது. இந்தப் பதிவு வேறொரு தேவைக்கானது. வெளிநாட்டில் இருக்கும் யாராவது உங்களுக்கு மூன்று டாலர், ஐந்து டாலர் என்று அனுப்ப நினைக்கிறார்கள். நீங்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் நிரலுக்கோ, எடுத்த பறவைப் படத்துக்கோ ஒரு சின்ன அன்பளிப்பு. அதை வங்கி வழியாக அனுப்பினால் கட்டணமே பாதியைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட சில்லறையைப் பிட்காயினாக நொடிகளில் வாங்கவும் கொடுக்கவும், பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவி உங்கள் கையிலேயே இருக்கவும் எந்த வாலட் (பிட்காயினைக் கையாளும் ஆப்) சரி என்று பார்ப்போம்.

பிட்காயினின் பொதுக் கணக்கேடுதான் சங்கிலி. அதில் ஒரு ப்ளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, சேர சராசரியாக 10 நிமிடம் ஆகும். அங்கே கட்டணம் நீங்கள் அனுப்பும் தொகையைப் பார்ப்பதில்லை. பரிவர்த்தனை எவ்வளவு இடம் பிடிக்கிறது, அன்று நெரிசல் எவ்வளவு என்பதைத்தான் பார்க்கும். அதனால் லட்ச ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் ஒரே கட்டணம் வரலாம். இதைச் சமாளிக்க ஜோசப் பூனும் டாடியஸ் டிரைஜாவும் 2015இல் முன்வைத்த யோசனைதான் லைட்னிங். 2018 முதல் அது உண்மைப் பணத்தோடு ஓடுகிறது. இரண்டு பேர் சங்கிலியில் ஒரு தடவை பதிவு செய்து ஒரு சேனல் திறக்கிறார்கள். அப்புறம் நடக்கும் சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தச் சேனலுக்குள்ளேயே முடிந்துவிடும். இங்கே கணக்கு சாட்ஸ் என்ற சின்ன அலகில்தான். ஒரு பிட்காயின் 10 கோடி சாட்ஸ்.

‘டாலர் காயின் இருக்கிறதே, விலை ஏறி இறங்காதே’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் டெதர் போன்ற டாலர் காயின்களில் வெளியிடும் நிறுவனமே ஒரு முகவரியை முடக்க முடியும். அதோடு, அந்தந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயினைக் கட்டணத்துக்கென்று தனியாக வைத்திருக்க வேண்டும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். அதனால் இந்தப் பதிவில் லைட்னிங் மட்டும்.

படி 1: சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

ஆப்பை நிறுவியதும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறதா? அந்தச் சொற்களை வைத்து வேறொரு போனில் பணத்தை மீட்க முடியுமா? ஆம் என்றால் சாவி உங்களிடம். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் மட்டும் கேட்டு உள்ளே விட்டால், பணம் நிறுவனத்திடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது கணக்கில் ஒரு எண். 2024 ஜூலை 18 அன்று இந்திய க்ரிப்டோ சந்தையான வாஸிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் திருடுபோனபோது, அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் சாட்ஸ் வைத்து விளையாடிப் பார்க்க மட்டும் என்றால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் வாலட்டே போதும். சேனலை மூடிப் பணத்தைச் சங்கிலிக்குக் கொண்டுவர, அங்கே பதிவு செய்வதற்கான மைனிங் கட்டணம் கட்ட வேண்டும். கையிருப்பு அதைவிடக் குறைவு என்றால், சாவி கையில் இருந்தும் பயனில்லை. சொந்தச் சாவிக்கு அர்த்தம் வருவது கையிருப்பு பத்தாயிரக்கணக்கான சாட்ஸைத் தொட்ட பிறகுதான். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

படி 2: போன் தூங்கும்போது பணம் வருமா?

மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. யுபிஐயில் நம் போன் அணைந்து கிடந்தாலும் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். லைட்னிங்கில் சாவி நம் போனில் இருப்பதால், வாங்குவதற்குப் போன் விழித்திருக்க வேண்டும், இணையமும் இருக்க வேண்டும்.

வட்டக்கானலில் டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதையில் ஆம்லெட், பிரட், டீ போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் போனில் ஒரு வாலட் போட்டுச் சோதனை செய்தோம். மூடுபனி கீழே வரை இறங்கியிருந்தது, சிக்னல் ஒரு கோடு. நான் சற்றுத் தள்ளி நின்று 500 சாட்ஸ் அனுப்புகிறேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் ‘தோல்வி’ என்று வருகிறது. “அக்கா, ஆப்பைத் திறந்து வைங்க” என்றேன். “கரண்டியப் பிடிக்கிறதா, போனப் பிடிக்கிறதா தம்பி?” என்றார். நியாயம்தான். போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து, திரையை அணையவிடாமல் செய்ததும் அடுத்த முறை போய்ச் சேர்ந்தது. தோற்றுப்போன பணம் எங்கும் மாயமாகவில்லை, என் வாலட்டிலேயே இருந்தது. லைட்னிங்கில் பணம் முழுதாகப் போகும், இல்லையென்றால் திரும்பி வந்துவிடும். பாதி வழியில் சிக்கினாலும் காலக்கெடு முடிந்ததும் அனுப்பியவரிடமே வந்து சேரும்.

ஆகவே வாலட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பணம் வரும் நேரத்தில் நோட்டிபிகேஷன் அனுப்பி ஆப்பை எழுப்பும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். சில போன்கள் பின்னணியில் ஓடுவதையெல்லாம் இரக்கமில்லாமல் கொன்றுவிடும். பணம் வந்ததா என்பதை உங்கள் திரையில்தான் பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.

படி 3: சேனலில் இடம் இருக்கிறதா?

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் எண்ணிக்கை மாறாது. எல்லாச் சீட்டும் நிரம்பிவிட்டால், யாராவது இறங்கினால்தான் புதிதாக ஒருவர் உட்கார முடியும். சேனலும் அப்படித்தான். அதன் கொள்ளளவு நிலையானது. உங்கள் கையிருப்பு அதில் ஒரு பகுதியைப் பிடித்திருக்கும். மீதி இருக்கும் இடத்துக்குள்தான் புதிய பணம் வர முடியும். செலவு செய்தால் இடம் காலியாகும்.

இடம் போதாதபோது வாலட் என்ன செய்கிறது என்பதில்தான் ஆப்புக்கு ஆப்பு வித்தியாசம். சில தானாகவே சேனலைப் பெரிதாக்கிக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். சில உங்களையே சேனல் வாங்கி வரச் சொல்லும். தொடக்கத்தில் இருப்பவர் முதல் வகைக்குப் போவதே நல்லது. ஆனால் அந்தக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்க முடிகிறதா என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 20, பிட்காயின் ஹாவிங் (புதிதாக வெளிவரும் பிட்காயினின் அளவு பாதியாவது) நடந்த நாளில் சங்கிலிக் கட்டணம் தாறுமாறாக ஏறியது. அப்படி ஒரு நாளில் வரம்பில்லாமல் விட்டிருந்தால் வந்த அன்பளிப்பைவிடக் கட்டணம் பெரிதாகியிருக்கும்.

படி 4: எதை எடுப்பது?

என் கைக்கு முதலில் வருவது ஃபீனிக்ஸ். பிரான்ஸின் அசின்க் நிறுவனம் செய்தது. ஒரே சேனலை வைத்துக்கொண்டு தேவைக்கேற்ப அதையே பெரிதாக்கும், 12 சொற்கள் இருந்தால் புதுப் போனில் மீட்கலாம், கட்டண வரம்பும் வைக்கலாம். அனுப்பும் கட்டணம் 0.4 சதவீதமும் 4 சாட்ஸும். ஆயிரம் சாட்ஸ் அனுப்பினால் 8 சாட்ஸ் போகும். குறை, எல்லாம் அந்த ஒரு நிறுவனம் வழியாகத்தான் ஓடும். 2024 மே மாதம் அமெரிக்க ஆப் ஸ்டோர்களிலிருந்து அது விலகி, அடுத்த ஆண்டுதான் திரும்பியது. எந்த ஆப்புக்கும் இப்படி நடக்கலாம். அப்படி ஆனாலும் சேனலை மூடிப் பணத்தைச் சங்கிலிக்கு எடுக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஃபீனிக்ஸில் இருக்கிறது.

ஸீயஸ், ப்ளிக்ஸ்ட் இரண்டும் போனுக்குள்ளேயே ஒரு முழு லைட்னிங் நோடை, அதாவது நெட்வொர்க்கின் ஒரு கணுவை, ஓட்டுபவை. நிறையக் கற்றுக்கொள்ளலாம், சுதந்திரமும் அதிகம். ஆனால் சேனல்களுக்கான பேக்கப் கோப்பைத் தனியாகக் காப்பாற்ற வேண்டும், மீட்புச் சொற்கள் மட்டும் போதாது. ஆப்பைத் திறந்ததும் அது சங்கிலியோடு ஒத்துப்போக நேரம் எடுக்கும். கோக்கர்ஸ் வாக்கில் நின்று அவசரமாகப் பணம் வாங்க நினைப்பவருக்கு எரிச்சல் வரும். ம்யூன் பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் உள்ளே பணம் சங்கிலியில்தான் இருக்கிறது. நெரிசல் நாளில் சின்னத் தொகைக்குக் கட்டணம் கடிக்கும்.

படி 5: நிறுவுங்கள், எழுதுங்கள்

ஸ்டோரில் பெயரைத் தேடி முதலில் வருவதை அமுக்காதீர்கள், போலி ஆப்கள் உலவுகின்றன. நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாக ஸ்டோருக்கு வாருங்கள்.

மீட்புச் சொற்களைத் திரையைப் பார்த்து, வரிசை மாறாமல், கையால் எழுதுங்கள். போட்டோ எடுத்தால் அது தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடும். மொத்தம் 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்துதான் இவை வருகின்றன. எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. அதனால் கையெழுத்து கொஞ்சம் மோசமானாலும் சமாளிக்கலாம். முதல் நான்கு எழுத்தை மட்டும் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதுங்கள்.

மலைவாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜெல் பேனா வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பீரோவுக்குள் இருக்கும் துணியே பூஞ்சை பிடிக்கிறது, ஜெல் மை பரவிப்போகும். பென்சிலில் எழுதி, ஜிப் கவரில் போட்டு, புது ஷூ பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் உள்ளே வையுங்கள். இன்னொரு பிரதி கீழே சமவெளியில், நம்பிக்கையான உறவினர் வீட்டில் மூடி ஒட்டிய உறையில் இருக்கட்டும். ‘சப்போர்ட்டிலிருந்து பேசுகிறோம்’ என்று யார் அந்தச் சொற்களைக் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

படி 6: சின்னதாக ஓட்டிப் பாருங்கள்

முதல் வரவு மிகச் சிறியதாக இருந்தால், சேனல் திறக்கும் கட்டணம் அதை விழுங்கிவிடும். தெரிந்தவரிடம் சொல்லி 30 ஆயிரம் சாட்ஸ் போல ஒரு தொகையை அனுப்பச் சொல்லுங்கள். ஆப்பில் ‘பெறு’ என்பதை அமுக்கித் தொகையைப் போட்டால் க்யூஆரோடு ஒரு இன்வாய்ஸ் (பணம் கேட்கும் சீட்டு) வரும். ஒரு இன்வாய்ஸ் ஒரு தடவைக்குத்தான்; அதற்குக் காலாவதி நேரமும் உண்டு, பழையதை மறுபடி அனுப்பாதீர்கள். எவ்வளவு கழிந்தது என்று பாருங்கள். பிறகு அதிலிருந்து ஆயிரத்தைத் திருப்பி அனுப்புங்கள். போவதும் வருவதும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பயம் போகும்.

அடுத்ததைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். பழைய போனில் ஆப்பை முதலில் நீக்குங்கள், காகிதத்தைப் பார்த்து வேறொரு போனில் சொற்களை அடித்து மீட்டுப் பாருங்கள். ஒரே சொற்களை ஒரே நேரத்தில் இரண்டு போனில் ஓட்டக் கூடாது, சேனல் குழம்பும். கையிருப்பு குறைவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது உத்தமம்.

எவ்வளவு வைத்திருக்கலாம்? தொலைந்தால் ஒரு வாரம் வயிறு எரியும், அதோடு போகும் என்ற அளவு. அதற்கு மேல் சேர்ந்தால் சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் வன்பொருள் வாலட்டுக்குச் சங்கிலி வழியாக மாற்றிவிடுங்கள். பல நாள் ஆப்பைத் திறக்காமலும் விடாதீர்கள். சேனலின் மறுபக்கத்தில் இருப்பவர் பழைய கணக்கைக் காட்டிச் சேனலை மூடப் பார்த்தால், அதைக் கவனித்துத் தடுக்க வாலட் அவ்வப்போது இணையத்துக்கு வர வேண்டும்.

படி 7: ஒரு நோட்டுப் புத்தகம்

இந்தியாவில் க்ரிப்டோ சட்டப்பூர்வமான நாணயம் கிடையாது. வைத்திருப்பது குற்றமும் இல்லை. வங்கிகளைத் தடுத்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் வரி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்தில் 30 சதவீதமும் அதன் மேல் செஸும். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், வரம்புக்கு மேற்பட்ட பரிமாற்றங்களுக்கு 1 சதவீத டிடிஎஸும் வந்தது. சாட்ஸ் கொடுத்து ஒரு பொருள் வாங்கினாலும் அது பரிமாற்றம்தான், லாபக் கணக்கு பார்க்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு வரவு செலவுக்கும் தேதி, சாட்ஸ், அன்றைய ரூபாய் மதிப்பு, எதற்காக என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். ஃபீனிக்ஸில் பட்டியலைக் கோப்பாகவும் எடுக்கலாம், ஆனால் ‘எதற்காக’ என்ற பத்தியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். ஹோம்ஸ்டே வாடகை, வேலைக்கான கூலி என்று தொழில் வருமானமாகவே வெளிநாட்டவரிடம் வாங்க நினைத்தால் அந்நியச் செலாவணி விதிகளும் சேர்ந்துகொள்ளும். முதல் ரூபாய் வாங்கும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.