மல்லிகைத் தொட்டி பூக்காததற்குப் பத்து காரணமும் நம்மிடம்தான்

வீட்டுக்கு வீடு ஒரு மல்லிகைத் தொட்டி இருக்கிறது. இலை இருக்கிறது, கொடி இருக்கிறது. சில வீடுகளில் அது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவர்வரை போய்விடுகிறது. பூதான் இல்லை. சித்திரை வெயிலில் மதுரைச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அதே குண்டுமல்லிதான் நம் மாடியில் முரண்டு பிடிக்கிறது. காட்டில் விவசாயி அதைக் கொஞ்சுவதில்லை. வெட்டவெளியில் நிறுத்துகிறார், ஆண்டுக்கு ஒருமுறை மொட்டையாக வெட்டுகிறார், வெட்டியபின் கொஞ்சம் காயவும் விடுகிறார். வீட்டில் நாம் இந்த மூன்றுக்கும் நேர்மாறாகச் செய்துவிட்டு, உரத்தின் மேல் பழி போடுகிறோம்.

தவறு நாற்றுப் பண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது. "ஒரு மல்லிச்செடி கொடுங்கள்" என்று கேட்டால் பண்ணைக்காரர் கைக்கு அகப்படுவதைக் கொடுப்பார். குண்டுமல்லி புதராக நிற்கும். தொட்டிக்கு ஏற்றது அதுதான். முல்லையும் பிச்சி என்கிற சாதிமல்லியும் படர்ந்து ஓடுகிறவை. அவற்றுக்குப் பந்தலோ கம்பியோ வேண்டும். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தேரையே விட்டுவிட்டுப் போன கதையைப் பள்ளியில் படித்தவர்கள்தான், அந்த முல்லையை வாங்கி வந்து சின்னத் தொட்டியில் குச்சிகூட நடாமல் வைக்கிறோம். அடுக்குமல்லி பார்க்கக் குட்டி ரோஜா போல இருக்கும். தலையில் ஒன்றிரண்டு செருக அழகு. முழம் கணக்கில் சரம் தொடுக்கலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். ஆகவே வகையின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பையில் இருக்கும்போதே பூத்துக் குலுங்கும் செடியைத் தேடுவதும் வீண். அடித்தண்டு பென்சில் கனத்துக்கு முற்றியிருக்கிறதா, பக்கத்துளிர்கள் வருகின்றனவா என்பதைப் பாருங்கள்.

வாங்கி வந்த பையைப் பிரித்தால் வேரைச் சுற்றிக் களிமண்ணோ செம்மண்ணோ உருண்டையாக இறுகியிருக்கும். பலர் அதை அப்படியே எடுத்துப் பொலபொலவென்ற தொட்டிக் கலவைக்குள் இறக்கிவிடுகிறார்கள். அதன்பின் ஊற்றும் தண்ணீர் எளிதான வழியாகப் பார்த்து, உருண்டையைச் சுற்றியே இறங்கிப் போய்விடுகிறது. தொட்டி நனைந்திருக்கும், அடித்துளையில் தண்ணீர் சொட்டும், வேரோ உள்ளே வறண்டு கிடக்கும். நடுவதற்கு முன் அந்த உருண்டையைச் சிறிது நேரம் தண்ணீரில் வைத்து, வெளிப்புற மண்ணை மட்டும் விரலால் மெல்ல உதிர்த்துவிட வேண்டும். தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 15 என்றால் நிம்மதி. செம்மண் இரண்டு பங்கு, மணலும் மக்கிய எருவும் ஒவ்வொரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்ற பழைய கணக்கே போதும். தேங்காய் நார்க்கழிவை மட்டும் நம்பி நடுகிறவர்கள், மழைக்காலத்தில் வேர் அழுகிய பிறகுதான் மண்ணைத் தேடுகிறார்கள்.

வெயில் விஷயத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். "பால்கனியில் நல்ல வெளிச்சம் வருகிறதே" என்பது பதில் ஆகாது. மல்லிகைக்கு வேண்டியது வெளிச்சம் அல்ல, சுள்ளென்ற வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது செடியின் மேல் நேராக விழ வேண்டும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, இலை அகலமாகக் கரும்பச்சையாக இருந்தால் அது செழிப்பு அல்ல, வெயிலைத் தேடி அலைகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் எந்த உரம் போட்டாலும் மணி பிளான்ட் வளர்ப்பதற்குச் சமம்.

இனி கத்தரிக்கோல். மேலே சொன்னதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டாலும் பூ வராது. குண்டுமல்லியில் மொட்டு, புதிதாக விடும் துளிரின் நுனியில்தான் கட்டும். பழைய கிளை எவ்வளவு நீளமாக ஓடினாலும் அதில் பயனில்லை. ஆகவே புதுத்துளிர் எத்தனையோ, அத்தனை பூ. தமிழ்நாட்டு வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லும் கவாத்து (கிளை வெட்டும்) காலம், குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. குண்டுமல்லியைத் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் வெட்டச் சொல்கிறார்கள். தொட்டிச் செடியை இன்னும் தாழ வெட்டலாம். ஒரு முழம் நின்றால் போதும். சென்னை போன்ற இடங்களில் வடகிழக்கு மழை விட்டதும் மார்கழியில் வெட்டினாலும் கெட்டுப்போய்விடாது.

வெட்டும் விதத்திலும் கை நடுங்குகிறது. நுனியில் ஒரு அங்குலம் கிள்ளிவிட்டு "கவாத்து செய்துவிட்டேன்" என்கிறோம். அப்படி இல்லை. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை எல்லாவற்றையும் முதலில் எடுக்க வேண்டும். மீதியை, வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்ட வேண்டும். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட வேண்டும். முடிந்ததும் தொட்டியில் நான்கைந்து மொட்டைக் குச்சிகள் நிற்கும். பார்க்கிறவர்கள் செடி செத்துவிட்டது என்பார்கள். செவ்வாய், வெள்ளியில் பச்சையை வெட்டக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் புதன்கிழமை வெட்டிக்கொள்ளுங்கள், வாரத்தில் இன்னும் ஐந்து நாள் இருக்கின்றன. வெட்டியபின் தண்ணீரைக் குறைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். தையில் கணுக்களில் சிவப்பும் பச்சையுமாகத் துளிர் எட்டிப் பார்க்கும். அதன்பின் எருவும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் பங்குனிக்குள் மொட்டு தெரியும்.

மொட்டு வைக்கும் கிளையின் நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மொட்டுகள் சேர்ந்து நிற்கும். நடுவில் இருப்பது முந்திக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் இரண்டும் அடுத்தடுத்து வரும். மூன்றும் முடிந்ததும் அந்த நுனியை இரண்டு இலைக்கணு கீழே கிள்ளிவிட்டால் அங்கிருந்து இரண்டு துளிர் கிளம்பும். பூவைப் பறிக்கிறோம், நுனியை விட்டுவிடுகிறோம். பருவத்தின் நடுவிலேயே பூ நின்றுபோகும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

உரத்தில் நமக்குத் தெரிந்த வைத்தியம் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒன்றுதான். யூரியா, மீன் கரைசல், பச்சைச் சாணம் எல்லாம் இலைக்குப் போகும். விவசாயியின் காட்டில் நிற்கும் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 120. அதையும் இரண்டு தவணையாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். தொட்டிக்கு இந்த அளவு வேண்டாம். கவனிக்க வேண்டியது அந்த விகிதத்தை. தழைச்சத்தைப்போல மற்ற இரண்டும் இரு மடங்கு. அந்த இரண்டுக்கும் எலும்புத்தூளும் மக்கிய வாழைப்பழத்தோலும் நம்மால் எளிதாகக் கொடுக்கக்கூடியவை. பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளை மட்டும் தொட்டியில் கொட்டாதீர்கள். எறும்பு வரும், எறும்பு வந்தால் மாவுப்பூச்சியும் பின்னாலேயே வரும்.

இலை மஞ்சளானால் உடனே "சத்துக் குறைவு" என்று இன்னொரு பிடி உரம் விழுகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் ஊற்றும் ஊர்களில் காரணம் வேறு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதை வேருக்கு எட்டவிடாது. நாட்டுமருந்துக் கடைகளிலும் உரக்கடைகளிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். இப்படிப்பட்ட தண்ணீர் உள்ள வீட்டில் அடுப்புச் சாம்பலைத் தொட்டியில் போடுவது காரத்தை இன்னும் கூட்டும். மழைநீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

மொட்டு பிடித்தும் மலராமல் ஊதா நிறமேறிக் காய்ந்து விழுந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அதன் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். உதிர்ந்த மொட்டுகள் உரமாகட்டும் என்று தொட்டியிலேயே விட்டுவைப்பவர்கள் அடுத்த தலைமுறை ஈயை வளர்க்கிறார்கள். பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டு, மேல்மண்ணைக் கிளறி வெயில் படவிடுங்கள். மொட்டில் ஓட்டை இருந்தால் மொட்டுப்புழு; கையால் பறித்துவிடலாம், மேலுக்கு வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசலுடன் அடிக்கலாம். கோடையில் இலையின் அடிப்பக்கம் நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். காலையில் குழாயால் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம்.

பறிப்பதிலும் பிசகு உண்டு. மலர்ந்த பூவைப் பறித்தால் மணம் ஏற்கெனவே போகத் தொடங்கியிருக்கும். வெள்ளையாகப் பருத்து, இதழ் இன்னும் விரியாத மொட்டைப் பறிக்க வேண்டும். சந்தைக்காகப் பறிப்பவர்கள் விடியலுக்கு முன்பே காட்டில் நிற்பதும் இதனால்தான். வீட்டுக்கென்றால் மதியத்துக்குமேல் பறித்தாலும் போதும். தொடுத்து முடிக்கவும் இருட்டவும் மொட்டு அவிழவும் சரியாக இருக்கும். பறித்ததைக் கழுவாதீர்கள், பழுப்பேறும். தொடுப்பதானால் வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூல் காம்பை அறுத்துவிடும்.

கவாத்தில் விழுந்த குச்சிகளை எல்லாம் மார்கழிக் குளிரிலேயே மண்ணில் செருகிவிட்டு, ஒன்றும் வேர்விடவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு. மல்லிகைக் குச்சிக்கு ஏற்ற காலம் ஜூன் முதல் நவம்பர்வரை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஆடியில் ஒரு தாழ்ந்த கிளையை வளைத்து, நடுவில் ஒரு கணுவை லேசாகக் கீறி, பக்கத்துத் தொட்டி மண்ணில் அழுத்தி மேலே ஒரு கல்லை வையுங்கள். அது தாய்ச்செடியிடம் குடித்துக்கொண்டே வேர்விடும். மெல்ல இழுத்துப் பார்த்து, கிளை அசையாமல் பிடித்துக்கொண்டால் வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம். கேட்ட வீட்டுக்கெல்லாம் இப்படியே ஒரு செடி கொடுத்துவிடலாம். அதோடு கத்தரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.