ஜாப் ஏன் விழுந்தது? ரன் ஹிஸ்டரி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவில் ஓடும் ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி அமைத்த வேலை) விழுந்திருக்கிறது, அதாவது தோற்றிருக்கிறது என்று காலையில் தெரிந்ததும் பலருடைய கை முதலில் போவது ரீரன் பட்டனுக்குத்தான். ஓடிவிட்டால் நிம்மதி, காரணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் போய்ப் பார்த்தால், பார்ப்பதற்கு ரன் ஹிஸ்டரியில், அதாவது முந்தைய ஓட்டங்களின் பதிவில், எதுவும் மிஞ்சியிருக்காது.

குபெர்னெட்டிஸில் (கண்டெய்னர்களை ஓட்டும் தளம்) குறித்த நேரத்துக்கு ஜாப்பை ஓட்டும் கிரான்ஜாப்பில் அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, வெற்றி பெற்றவற்றில் கடைசி 3, தோற்றவற்றில் கடைசி 1 மட்டுமே இருக்கும். அடுத்த ஓட்டமும் தோற்றால் முந்தையதை அதன் பாடோடு (ஜாப் ஓடிய கண்டெய்னர் கூடு) சேர்த்து அழித்துவிடும். பாட் போனால் அதன் லாகும் (ஓடும்போது எழுதிய பதிவு) போச்சு, வேறெங்காவது அனுப்பி வைத்திருந்தால் தவிர. கோடைச் சோதிப்பது போன்ற வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் சிக்கல் வேறு மாதிரி. ரீரன் கொடுத்தால் அதே ரன் எண்ணில் அட்டெம்ப்ட் (முயற்சி) எண் மட்டும் கூடும். பட்டியலில் தெரிவது கடைசி அட்டெம்ப்டின் முடிவு. மூன்றாவது முயற்சியில் தேறிய ஜாப்பும், முதல் முயற்சியிலேயே தேறிய ஜாப்பும் பார்வைக்கு ஒரே பச்சை டிக். ஆகவே முதலில் லாகை எடுத்து ஓரிடத்தில் போட்டுவிட்டு, பிறகு ஓட்டுங்கள்.

ஹிஸ்டரி எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகும் என்று பார்க்காமலே அதை நம்புவது அடுத்த தவறு. எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் (அந்த டேட்டாபேஸின் ஜாப்களை ஓட்டும் சேவை) இயல்பாக மொத்தம் 1000 வரிகள், ஒரு ஜாப்புக்கு 100 வரிகள் வைத்துக்கொள்ளும். கேட்க நிறைய போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஓட்டத்துக்கு ஒரு வரி இல்லை. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு வரி, மொத்த முடிவுக்கு இன்னொரு வரி. மூன்று ஸ்டெப் உள்ள ஜாப் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினால் ஓட்டத்துக்கு 4 வரி, ஆக 100 வரி என்பது 25 நிமிடக் கதை. இப்படிப்பட்ட பத்து ஜாப்கள் இருந்தால் 1000-ம் நிரம்பி, வாரம் ஒருமுறை அமைதியாக ஓடும் பேக்கப் ஜாப்பின் வரிகள் வெளியே தள்ளப்படும். சத்தம் போடுபவன் சாதுவின் இடத்தையும் பிடித்துக்கொள்வான். இந்த வரம்பை உயர்த்த ஏஜென்ட் அமைப்பில் இரண்டு எண்களை மாற்றினால் போதும். செய்யத்தான் யாருக்கும் ஞாபகம் வராது.

ஏஜென்டின் அதே ஹிஸ்டரி அட்டவணையில் இன்னொரு பொறி உண்டு. ஸ்டெப் எண் 0 என்று இருப்பது ஜாப்பின் மொத்த முடிவு. அதில் 'ஜாப் தோற்றது, கடைசியாக ஓடியது இந்த ஸ்டெப்' என்ற அளவில்தான் செய்தி இருக்கும். உண்மையான பிழை அந்த ஸ்டெப்பின் வரியில். 'தோற்றாலும் அடுத்த ஸ்டெப்புக்குப் போ' என்று யாராவது அமைத்திருந்தால், நடுவில் ஒன்று விழுந்தும் 0-வது வரி வெற்றி என்றே சொல்லும். ஒவ்வொரு வரியிலும் முடிவைச் சொல்லும் நிலை எண் வேறு: 0 தோல்வி, 1 வெற்றி, 2 மறுமுயற்சி, 3 ரத்து. நிலை 0-வை மட்டும் வடிகட்டி எடுத்தால், தொங்கிப்போய் யாரோ கையால் நிறுத்திய ஓட்டம் பட்டியலுக்கே வராது.

ஏஜென்ட் எழுதும் கால அளவிலும் ஒரு வேடிக்கை. 13005 என்று இருந்தால் அது 13005 வினாடி இல்லை. 1 மணி 30 நிமிடம் 5 வினாடி. வினாடி என்று நினைத்துச் சராசரி போட்டால் ஒன்றரை மணி நேர ஜாப் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியதாகக் கணக்கு வரும். நேர மண்டலமும் அப்படித்தான். ஏஜென்ட் எழுதுவது சர்வரின் உள்ளூர் நேரம், உங்கள் அப்ளிகேஷன் லாக் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவராமல் அருகருகே வைத்துப் படித்தால், சம்பந்தமில்லாத பிழையைப் பிடித்துக்கொண்டு அரை நாள் போகும்.

லினக்ஸில் குறித்த நேரத்துக்குக் கமாண்டை ஓட்டும் கிரானைப் பற்றிப் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள். சிஸ்லாகில் (சிஸ்டத்தின் பொது லாக்) வழக்கமாகக் கிரான் விடும் வரி, கமாண்டைத் தொடங்கினேன் என்பதற்குச் சாட்சி. அது உருப்படியாக முடிந்தது என்பதற்கு இல்லை. போதாக்குறைக்கு, டேட்டாபேஸ் டம்பை (அதன் நகலை எடுக்கும் கமாண்ட்) பைப் வழியாக, அதாவது ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டி, சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு அனுப்பினால் ஷெல் தருவது ஜிஜிப்பின் எக்சிட் கோட் (முடிவைச் சொல்லும் எண், 0 என்றால் வெற்றி). டம்ப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் 0 என்று சிரிக்கும். ஷெல் பாஷ் என்றால் பைப்ஃபெயிலை ஆன் செய்துவிடுங்கள்; பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும்.

ஹிஸ்டரியை ஏபிஐ (புரோகிராம் தரவு கேட்கும் வழி) மூலம் எடுப்பவர்கள் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவது சர்வ சாதாரணம். கிட்ஹப் இயல்பாக ஒரு பக்கத்துக்கு 30 ரன்தான் தரும். 'போன வாரம் எதுவும் விழவில்லை' என்பதற்கு, போன வாரம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது என்பதும் அர்த்தமாக இருக்கலாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது தோல்வி வரி இல்லை, இல்லாத வரி. ஷெட்யூலை யாரோ முடக்கிவிட்டார்கள், சர்வர் அந்த நேரத்தில் ரீபூட் ஆனது. ஜாப் தொடங்கவே இல்லை, ஆகவே தோற்கவும் இல்லை. 'தோற்றவை எவை' என்று எத்தனை முறை கேட்டாலும் பதில் காலியாகத்தான் வரும். கேட்க வேண்டியது வேறு: ஒவ்வொரு ஜாப்பும் கடைசியாக எப்போது வெற்றிகரமாக முடிந்தது, அது அதன் இடைவெளியைத் தாண்டிவிட்டதா?