மலைவீதியில் டிரெய்லர் இழுக்க கெப் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து மலையகத்தில் புதிய டபிள் கெப் வாங்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, மண்சரிவில் மின்கம்பங்களும் குடிநீர்க் குழாய்களும் அடித்துச் செல்லப்பட்டபோது, ஜெனரேட்டரையும் தண்ணீர் பவுசரையும் இழுத்துச் செல்லக்கூடிய வண்டி எவ்வளவு தேவை என்பது எல்லா ஊர்களுக்கும் புரிந்தது. அதன் பிறகு இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏராளம். ஹட்டன் பக்கத்தில் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன் என்ற முறையில் அவர்களின் வரவில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், எங்கள் வயதுக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டு கற்ற பாடங்களை இவர்களும் மாதாமாதம் லீசிங் கட்டித்தான் கற்றாக வேண்டும் என்பதில்லை. டயரின் காற்றைப் பார்ப்பது, ஒயில் மாற்றுவது, கயிற்றை இறுக்கிக் கட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். வண்டியைத் தெரிவு செய்யும்போதே நடந்துவிடுகிற, பிறகு திருத்த முடியாத தவறுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

3,500 கிலோ என்ற எண்ணை முழுதாக நம்புவது

டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்ட் ரேஞ்சர் போன்ற வண்டிகளின் கையேட்டில் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண், தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டுமே உரியது. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிகளுக்கு எல்லை 750 கிலோ என்று அதே கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் பழைய வானின் அச்சை வைத்து ஒட்டித் தருகிற டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. ஆகவே, ஒன்றரைத் தொன் ஜெனரேட்டரை அதில் ஏற்றிவிட்டு, "வண்டி மூன்றரைத் தொன் இழுக்கும்" என்று சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை. புதிய கெப்புக்கு ஒரு கோடிக்கு மேல் கொடுக்கத் துணிகிறவர்கள், டிரெய்லருக்கு ஓவர்-ரன் பிரேக் (டிரெய்லர் வண்டியை முன்னே தள்ளும்போது தானாகப் பிடிக்கும் பிரேக்) பூட்டும் செலவுக்கு மட்டும் தயங்குவது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, டிரெய்லரைக் கொளுவும் டோ பாரின் மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். அந்த எடை வண்டியின் சுமைக் கணக்கிலேயே சேரும். 1,800 கிலோ டிரெய்லர் என்றால் 180 கிலோ பின்பக்கம் அமர்ந்துவிடுகிறது. அதற்குமேல் ஐந்து பேர், கேபிள் சுருள்கள், டீசல் கேன்கள் என்று ஏற்றினால், இழுவை எல்லைக்குள் இருக்கும் வண்டிகூடச் சுமை எல்லையைத் தாண்டிவிடும்.

கூட்டுக் குதிரைவலுவைப் பார்த்து ஹைபிரிட் வாங்குவது

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஒவ்வொரு முறை கேள்விப்படும்போதும் மனம் எரிகிற தவறு இது.

கொட்டகலையில் ஒரு தம்பி இருக்கிறான். உழைப்பாளி, கணக்கும் தெரிந்தவன். அப்பாவின் ஊழியர் சேமலாப நிதியையும் அக்காவின் நகையையும் முன்பணமாக்கி, பற்றரியை மின்னிணைப்பில் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட் கெப் ஒன்றை எடுத்தான். பெற்றோல் எஞ்சின் சிறியது. ஆனால் எஞ்சினும் பற்றரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்து தருகிற குதிரைவலு, பெரிய டீசல் கெப்புகளை வெட்கப்பட வைக்கும் என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யல்ல. கொழும்பில் காலை அழுத்திய உடனேயே வண்டி பாய்ந்ததையும் தம்பி கண்ணால் பார்த்தான். எத்தனை கிலோமீற்றருக்கு அந்த வலு நிற்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

கண்டியில் வாங்கிய ஜெனரேட்டரை டிரெய்லரில் பூட்டிக்கொண்டு நுவரெலியாவில் ஒரு திருவிழாவுக்குப் புறப்பட்டான். கம்பளை தாண்டிப் புசல்லாவை வரை ஆனந்தமாக ஓடிய வண்டி, இறம்பொடையை நெருங்கும்போது வேறு வண்டியாகிவிட்டது. பற்றரி அடிமட்டத்துக்கு வந்துவிட, சிறிய எஞ்சின் தனியாக அலறிக்கொண்டு ஏறியது. பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறிகள் ஹோர்ன் அடித்து முந்திப் போயின. "அண்ணே, வண்டியில ஏதோ கோளாறு, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்று எனக்கு அழைப்பு வந்தது. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. கணக்குத்தான் பிழை.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. கெப்பும் டிரெய்லரும் சேர்ந்து நான்கு தொன் என்று வையுங்கள். நான்கு தொன்னை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 1.1 யுனிட் சக்தி வேண்டும். மின்கட்டணப் பட்டியலில் நாம் பார்க்கிற அதே யுனிட்தான். கம்பளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். எனவே ஏறுவதற்கு மட்டும் 15 யுனிட் போய்விடும். டயர் உருளும் உராய்வும், வழியில் வீணாகும் வெப்பமும் இதற்குமேல். இப்போது பற்றரிகளைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கப்படும் ஃபோர்ட் எஃப்-150 ஹைபிரிட்டின் பற்றரி 1.5 யுனிட், டொயோட்டா டண்ட்ரா ஹைபிரிட்டின் பற்றரி 1.87 யுனிட். ஹைலக்ஸில் வருகிற, எஞ்சினுக்குச் சிறிய உதவி மட்டும் செய்யும் 48 வோல்ட் மைல்ட் ஹைபிரிட்டின் பற்றரி 0.2 யுனிட் அளவே. மின்னிணைப்பில் சார்ஜ் ஆகும் ரேஞ்சரில் 11.8 யுனிட். இந்த எண்களையும் முழுதாகப் பயன்படுத்த வண்டியின் கணினி விடாது. அடியிலும் மேலும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். ஆக, சிறிய பற்றரி உள்ள ஹைபிரிட்டில் மோட்டாரின் முழு உதவி சில வளைவுகளோடு முடிந்துவிடும். பெரிய பற்றரி உள்ளதிலும் ஏற்றத்தின் பாதியில் முடிந்துவிடலாம். மீதி மலை முழுவதையும் எஞ்சின் தனியாகத்தான் ஏற வேண்டும், பற்றரியின் எடையையும் சுமந்துகொண்டு.

இதனால்தான், வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி "கூட்டு வலு எவ்வளவு?" என்பதல்ல, "பற்றரி வெறுமையாக இருக்கும்போது எஞ்சின் மட்டும் எவ்வளவு தரும்?" என்பதே. எஃப்-150 ஹைபிரிட்டுக்கும் டண்ட்ரா ஹைபிரிட்டுக்கும் மலை ஏறுவது பிரச்சினையாக இல்லாததற்குக் காரணம் மோட்டார் அல்ல, 3.5 லீற்றர், 3.4 லீற்றர் அளவில் இரட்டை டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பூட்டிய ஆறு சிலிண்டர் எஞ்சின் அவற்றில் இருப்பதுதான். அப்படியிருந்தும், 2021 எஃப்-150இல் டர்போ பெற்றோல் எஞ்சினுக்கு 14,000 இறாத்தல் வரை இழுவை எல்லை கொடுத்த நிறுவனம், அதே எஞ்சினுக்கு மோட்டாரும் சேர்த்த ஹைபிரிட்டுக்கு 12,700 இறாத்தலே கொடுத்தது. வலு கூடிய வண்டிக்கு இழுவை குறைந்த விசித்திரத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஏற்றம் பணத்தோடும் நேரத்தோடும் போய்விடும். என்னைக் கோபப்படுத்துவது இறக்கம். திருவிழா முடிந்து இறங்கியபோது, என்னுடைய கேபிள்களும் அந்த வண்டியில் இருந்ததால் நானும் உடன் போனேன். ஹைபிரிட் இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றும், மோட்டாரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று தம்பிக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது உண்மைதான், பற்றரியில் இடம் இருக்கும் வரை. அவனோ, கெட்டிக்காரத்தனமாக எண்ணி, முதல்நாள் இரவு முழுவதும் நுவரெலியாவில் சார்ஜ் போட்டு நூறு சதவீதம் நிரப்பி வைத்திருந்தான். நிரம்பிய பற்றரிக்குள் இறக்கத்தின் சக்தி எங்கே போகும்? லபுக்கலை தாண்டி வீதி சரியத் தொடங்கியபோது, மின்மீட்பைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் அசையவே இல்லை. சிறிய எஞ்சினின் எதிர்ப்பு நான்கு தொன்னுக்குப் போதாமல், முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுந்தது. எட்டு சதவீதச் சரிவில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு தொன்னைப் பிடித்து வைப்பது என்றால், ஒரு கிலோவொட் மின்அடுப்பு இருபதுக்கு மேல் ஒரே நேரத்தில் எரிகிற அளவு வெப்பத்தைப் பிரேக் தட்டுகள் தாங்க வேண்டும். இறம்பொடை வளைவுகளில் கருகிய வாடை வந்தது. மிதி மெல்ல மெல்ல ஆழமாக இறங்கியது. ஓரங்கட்டச் சொல்லி நிறுத்தினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது, முன்சக்கர ரிம்மில் பட்ட ஒவ்வொரு துளியும் சீறி ஆவியானது. அரைமணி நேரம் காத்திருந்து, பிறகு ஊர்ந்து இறங்கினோம். தண்ணீர் ஊற்றி ஆறவைக்கலாம் என்றான். சூடேறிய தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் தட்டு நெளிந்துவிடும், செய்யாதே என்று தடுத்தேன்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் ஏழு உயிர்கள் போன பிறகும், இறக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் மலையகத்தில் வண்டி விற்கிறார்கள், வாங்குகிறார்கள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அப்படியொரு வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏறும்போது, அடிவாரத்திலேயே பற்றரியைச் சேமித்து வைக்கும் முறைக்கு மாற்றிவிட்டு, செங்குத்தான பகுதிக்கு மட்டும் அதைச் செலவிடுங்கள். இறங்குமுன், மேலே நிரப்பாதீர்கள். பாதிக்கும் குறைவாக வைத்துக்கொண்டு புறப்பட்டால், மோட்டார் வண்டியைப் பிடிக்க இடம் கிடைக்கும். மலை உச்சியில் இலவசமாகச் சார்ஜ் தருகிறார்கள் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின்

விலை குறைவு, பராமரிப்பு எளிது என்று இதைத் தேடுகிறவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். ஹைலக்ஸின் 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின் தருவது 245 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, 2.8 லீற்றர் டர்போ டீசல், ஒட்டோ கியருடன் 500 தருகிறது. இந்த இடைவெளி மலை ஏற ஏற இன்னும் அகலும். ஒன்றை மட்டும் பெற்றோலுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டும்: அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினின் காற்று வழி மூடிக்கொள்வதால், தாழ்ந்த கியரில் அது இறக்கத்தை நன்றாகப் பிடிக்கும். சிறிய சுமையோடு, கைக் கியரில், பொறுமையாக ஓட்டுகிறவருக்கு அது கெட்ட வண்டியல்ல.

டர்போ பெற்றோல் என்றால் 95 ஒக்டேன் போடுங்கள். 92 போட்டு, பாரம் இழுத்து, எஞ்சின் தட்டும் சத்தத்தோடு மலை ஏறாதீர்கள். 95 எந்த ஷெட்டில் கிடைக்கும் என்பதை வண்டி வாங்குமுன்பே விசாரித்து வையுங்கள்.

எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணுவது

பாரம் இழுக்கும்போது ஆகாது. நின்று நின்று ஓடும் நகரத்தில்தான் ஹைபிரிட் மிச்சம் பிடிக்கும்.

ஹைபிரிட்டை அடியோடு ஒதுக்குவது

இதுவும் தவறே. எஃப்-150 ஹைபிரிட்டில் 7.2 கிலோவொட் வரையும், பீவைடி ஷார்க் 6 ஹைபிரிட் கெப்பில் 6.6 கிலோவொட் வரையும் மின்சாரத்தை வெளியே எடுக்கலாம். லயத்துக் கோயிலின் சிறிய பூசைக்கு மின்விளக்குத் தொடர், ஒலிபெருக்கி, நீர்ப்பம்பு ஆகியவற்றுக்கு அது தாராளமாகப் போதும்; அங்கே டிரெய்லரே தேவையில்லை. டித்வா நாட்களில் அப்படியொரு வண்டி ஒவ்வொரு தோட்டத்திலும் நின்றிருந்தால், எத்தனையோ மருந்துக் குளிர்பெட்டிகளை அணையாமல் காப்பாற்றியிருக்கலாம். உங்கள் தொழில் அந்த அளவிலானது என்றால் தயங்காமல் ஹைபிரிட்டை எடுங்கள். கிழமைதோறும் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் இழுக்கப் போகிறீர்கள் என்றால், டர்போ டீசலைத்தான் நான் சொல்வேன். ஹைலக்ஸின் மைல்ட் ஹைபிரிட் போல டீசலோடு சேர்ந்து வருவதில் 3,500 கிலோ எல்லை அப்படியே இருக்கிறது, இழப்பு ஒன்றும் இல்லை.

பிரேக் ஒயிலை மறப்பது

அது ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கொழும்பில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது

கூடவே கூடாது. விற்பனையாளரிடம் வண்டியைக் கம்பளைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்; வாங்குகிறவரிடம் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் வருவார்கள். டோ பார் பூட்டிய வண்டியாகவும், நீங்கள் இழுக்கப் போகிற அதே டிரெய்லராகவும் இருக்கட்டும். ஹைபிரிட் என்றால், பற்றரியை முதலில் வெறுமையாக்கிவிட்டு ஏறத் தொடங்குங்கள். இறம்பொடைச் சுரங்கத்தைத் தாண்டி, ஒரு வளைவில் முழுதாக நிறுத்தி, மீண்டும் ஏற்றத்தில் நகர்த்திப் பாருங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும், இந்தச் சோதனைக்காக மட்டும் பற்றரியை நிரப்பி, அதே வீதியில் இறங்குங்கள். பாதி வழியில் நிறுத்தி, கையை ரிம்மில் வைக்காமல் அருகில் கொண்டுபோய், வெப்பம் எவ்வளவு தூரத்தில் உறைக்கிறது என்று பாருங்கள். விற்பனையாளர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை என்றால், அந்த வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.