பழைய டயோரமாவுக்கு மறுவேலை: மிதக்கும் டாங்கியைத் தரையில் இறக்குவோம்

பதினோரு வருஷத்துக்கு முன்னால் செய்த டயோரமா (சிறு பொம்மைகளால் அமைத்த காட்சி) ஒன்றைப் போன மாதம் பீரோ மேலிருந்து இறக்கினேன். 1:35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்காக, ஓர் அமெரிக்க ஷெர்மன் டாங்கி, நான்கு அமெரிக்க வீரர்கள், ஓர் இடிந்த சுவர், சுற்றிலும் பனி. இரண்டாம் உலகப்போரில், 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் தொடங்கிய சண்டைதான் கரு. பனி என்றா சொன்னேன்? பழைய பல் மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது. ஆப்பசோடாவையும் ஃபெவிகாலையும் குழைத்துப் பூசியதன் பலன்.

தூக்கிப்போட மனசு வரவில்லை. முழுவதும் பிரித்துப் புதிதாகச் செய்யவும் பொறுமை இல்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் படம் எடுங்கள்

பிரஷ்ஷை எடுக்காதீர்கள், போனை எடுங்கள். நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து சுமார் 160 செ.மீ. உயரத்தில் இருக்கும். 35-ஆல் வகுத்தால் 4.5 செ.மீ. போனைத் தலைகீழாகப் பிடித்தால் கேமரா அந்த உயரத்துக்கு இறங்கிவிடும். நாலு பக்கமும் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கண்ணில் படாத குற்றமெல்லாம் வெளியே வரும்.

என் படத்தில் தெரிந்தது: டாங்கியின் சங்கிலிக்கு (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைக்கு) அடியில் ஒரு கோடு வெளிச்சம். 30 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி பனியின்மேல் சும்மா வைத்தது போல நிற்கிறது. வீரர்களின் பூட்ஸும் அப்படித்தான். இதைவிடக் கேவலம், டாங்கிக்குப் பின்னால் இருக்கவேண்டிய தடம் முன்னாலும் இருக்கிறது. ரிவர்ஸில் வந்ததா என்ன?

பெயிண்டிங் அவ்வளவு மோசமில்லை. பழைய டயோரமாக்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. குறை பொம்மையில் இல்லை, அது தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. அதனால் மூன்று குறைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாலாவது தோன்றினால் அடுத்த டயோரமாவுக்கு.

தூசியும் பிரித்தெடுத்தலும்

ஈரத்துணி முதலில் வேண்டாம். தூசி சேறாகி மூலைகளில் அப்பிக்கொள்ளும். மேக்கப் பிரஷ் மாதிரி மிருதுவான ஒன்றால் தட்டிவிட்டு, கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். அப்புறம் மிச்சமிருக்கும் அழுக்கை லேசாக நனைத்த காட்டன் பட்ஸால் எடுக்கலாம். இந்த வேலையில் டாங்கியின் ஏரியல் (ரேடியோ கம்பி) உடையும். எல்லோருக்கும் உடையும்.

டாங்கி ஃபெவிகாலில் ஒட்டியிருந்தால் விளிம்பைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரைப் பிரஷ்ஷால் விட்டு, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும். சூப்பர் க்ளூ போட்டிருந்தால் மொத்தத்தையும் ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வீரர்களைப் பாதத்தோடு எடுக்க முடியாவிட்டால் கணுக்காலில் உடைவதற்கு முன் தரையையே வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு பூட்ஸுக்கு அடியில் 1 மி.மீ. துளையிட்டு, ஒரு பேப்பர் கிளிப் துண்டைச் செருகி ஒட்டினால் புதுத் தரையில் குத்தி நிறுத்தலாம்.

பழைய கிட்டில் (பாகங்களாக வரும் மாடல் பெட்டியில்) மிருதுவான வினைல் சங்கிலி இருந்தால், அது சக்கரத்தைத் தொடும் இடத்தை ஒருமுறை பாருங்கள். வினைலில் உள்ள எண்ணெய்ப்பசை வருஷக்கணக்கில் கசிந்து சக்கரத்தின் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடுவதுண்டு. அப்படி இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, கண்ணி கண்ணியாகக் கோக்கும் சங்கிலி வாங்குங்கள்.

தரை

சோடாப் பனியை மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டேன். மரப்பலகைக்கு ஒரு கோட் வார்னிஷ். சுவர்ப் பட்டி, ஃபெவிகால், சலித்த மணல், பழுப்பு அக்ரிலிக் பெயிண்ட் நான்கையும் இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து 5 மி.மீ. கனத்துக்குப் பரப்பினேன். நிறத்தைக் கலவையிலேயே சேர்ப்பது முக்கியம், எங்காவது பெயர்ந்தால் வெள்ளையாகப் பல்லிளிக்காது.

அரை மணி நேரத்தில் கலவை விரல் பட்டால் பள்ளம் விழும், ஆனால் ஒட்டாது என்ற நிலைக்கு வரும். டாங்கியின் அடியில் மெல்லிய சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, பலகையின் விளிம்புக்கு இணையாக இல்லாமல் 15 டிகிரி திருப்பி வைத்து அழுத்துங்கள். எவ்வளவு ஆழம்? இங்கேதான் கொஞ்சம் சரித்திரம் உதவும். டிசம்பர் 23 வாக்கில் ஆர்டெனில் வானம் தெளிந்து கடும் குளிர் வந்தது, சேறு இறுகி உறைந்தது. அதனால் மண்ணில் 1 மி.மீ. போதும். உண்மையில் அது மூன்றரை செ.மீ. இலையுதிர்காலச் சேறு என்றால் இரண்டு மூன்று மடங்கு இறக்கலாம். டாங்கியை எடுத்துவிட்டு, மீதமிருக்கும் சங்கிலித் துண்டை முத்திரை மாதிரி பின்பக்கம் மட்டும் குத்திக்கொண்டே போங்கள்.

டாங்கிக்குக் கொஞ்சம் ஒப்பனை

பெயிண்டை உரிக்கவில்லை. பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்து, அடர்பழுப்பு ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் தேநீர் டிக்காஷன் மாதிரி நீர்க்கக் கரைத்து, ஆணிகளின் தலையிலும் மடிப்புகளிலும் நுனிப் பிரஷ்ஷால் தொட்டேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு நாள் காயவிட்டு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். டெக்காலுக்கு (ஒட்டும் சின்னங்களுக்கு) அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னினால், ஊசியால் குத்தி டெக்கால் சாஃப்டனர் ஒரு சொட்டு விடுங்கள், படிந்துவிடும். இதை பளபளப்பு வார்னிஷுக்கு முன்னால் செய்யவேண்டும். நான் மறந்துபோய்ப் பின்னால் செய்தேன்.

இன்னொரு பிழை பெயர்ப்பலகையில் இருந்தது. "பாஸ்டோன், டிசம்பர் 26" என்று எழுதி வைத்திருந்தேன். ஜெர்மானியர் முற்றுகையிட்டிருந்த பெல்ஜிய ஊர் அது. அன்றுதான் முற்றுகையை உடைத்துக்கொண்டு 'கோப்ரா கிங்' என்ற ஜம்போ ரக (கவசம் தடித்த) ஷெர்மன் முதலில் நுழைந்தது. ஆனால் அதன் குழுவினரோடு எடுத்த படத்தில் டாங்கி வெறும் ஆலிவ் பச்சை. என்னுடையதோ முழுக்க வெள்ளையடித்தது. அமெரிக்க டாங்கிகளில் வெள்ளைப்பூச்சு பரவலாகத் தெரிவது ஜனவரிப் படங்களில்தான். பெயர்ப்பலகையை "ஆர்டென், ஜனவரி 1945" என்று மாற்றினேன். பத்து ரூபாய் செலவில் ஆன திருத்தம் இது ஒன்றுதான்.

பனி

சோடா காரத்தன்மை உள்ளது. ஈரத்தையும் பசையையும் சேர்த்துக்கொண்டு நாளடைவில் மஞ்சளாகிவிடும். அதற்குப் பதில் நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த்தூளை நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தில் குழைத்து, வெள்ளைப் பெயிண்டும் ஊசிமுனை அளவு நீலமும் சேருங்கள். தூளைக் கையாளும்போது மாஸ்க் கட்டாயம். முட்டியளவுப் பனி 45 செ.மீ. என்றால் நமக்கு 13 மி.மீ. அது அதிகம். 5 மி.மீ. வைத்தேன்.

பனி மேலிருந்து விழுவது. சுவரின் உச்சி, டரட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் கூண்டின்) மேல்பகுதி, முன்பக்க மூலைகள், இங்கெல்லாம் உட்காரும். ஷெர்மனுக்கு எஞ்சின் பின்னால். வண்டி ஓடி வந்து நின்றது என்றால் எஞ்சின் சூட்டில் அதன் மேல்தட்டில் பனி தங்காது, கொஞ்சம் ஈரப் பளபளப்பு மட்டும் விட்டால் போதும். டாங்கியைத் தடத்தில் ஒட்டிய பிறகு, சங்கிலியின் இரண்டு பக்கமும் பனியைப் பிரஷ்ஷின் பின்முனையால் நெருக்கித் தள்ளுங்கள். வெளிச்சக் கோடு மறைவது இந்த இடத்தில்தான்.

வீரர்களைப் பனி ஈரமாக இருக்கும்போதே நடுங்கள். ஒவ்வொருவரும் எங்கிருந்து நடந்து வந்தார் என்று கேட்டுக்கொண்டு காலடிகளை வையுங்கள். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் சுமார் 2 செ.மீ. ஒரு வீரருக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வழி அமையவில்லை. அவரை டாங்கியின் மேலேயே ஏற்றி உட்காரவைத்துவிட்டேன்.

இரண்டு நாள் காய்ந்ததும் போனை அதே 4.5 செ.மீ. உயரத்தில் தலைகீழாக வைத்துப் படம் எடுத்தேன். சங்கிலிக்கு அடியில் வெளிச்சம் இல்லை. ஏரியல்தான் மறுபடி உடைந்திருக்கிறது.