சீனக் கதைகளில் பெண்களை வாசிப்பது எப்படி?

முதலில் சீன எழுத்தாளர் லூ சுன் 1924இல் எழுதிய ‘புத்தாண்டுப் பலி’ கதையை எடுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். அதன் நாயகி ஒரு வேலைக்காரி; அவளுக்குச் சொந்தப் பெயரே கிடையாது. செத்துப்போன முதல் புருஷன் பெயரை வைத்து ‘சியாங்லின் பெண்டாட்டி’ என்றே கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் வருமிடமெல்லாம் கோடு போடுங்கள். செல்லூரில் என் அம்மாச்சியை எல்லோரும் ‘தறிக்காரர் வீட்டம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கோடு போடப் போட அம்மாச்சி முகம்தான் எனக்கு வந்தது.

ஓநாய் தூக்கிப்போன மகனைப் பற்றி சியாங்லின் பெண்டாட்டி திரும்பத் திரும்பச் சொல்வதை வாய்விட்டுப் படியுங்கள். கூட அழுத ஊரே பிறகு அலுத்துக்கொள்ளும். அங்கே அவசரப்படாதீர்கள்.

அப்புறம் பெண் எழுத்தாளர் டிங் லிங்கின் ‘சோஃபியாவின் நாட்குறிப்பு’, 1928. காசநோய்க்காரி, தன் ஆசையைத் தானே எழுதுகிறாள். இதில் ‘நான்’ வருமிடங்களில் கோடு போடுங்கள்.