ஜப்பானியக் கத்திக்குத் தோய்ச்சல்: அலகு எங்கே கெடுகிறது?

ஜப்பானிய முறையில் கத்தி அடிக்கப் பழகுகிறவர்களுக்கு அலகில் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கத்தான் ஆசை. ஆனால் கையில் கிடைத்த எஃகையெல்லாம் அப்படித் தோய்க்கக் கூடாது.

ஜப்பானிய வாளுக்கான தமஹகானே எஃகில் மாங்கனீசு மிகக் குறைவு. வேகமாகக் குளிர்ந்தால்தான் அது இறுகும். அதனால்தான் மெல்லிய மண் பூசிய வாய்ப்பகுதி (வெட்டும் விளிம்பு) கெட்டியாகி, தடிமனாகப் பூசிய முதுகு மெதுவாக ஆறி மிருதுவாக நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் விழும் கோடுதான் ஹமோன். சமையல் கத்திக்கு உதவும் ஷிரோகாமி எஃகும் ஏறக்குறைய இப்படித்தான். லாரிப் பட்டா, அதாவது லாரியின் வில் தகடு, அப்படியில்லை. அதில் குரோமியமோ மாங்கனீசோ கூடுதலாக இருக்கும்; எண்ணெயில் தோய்த்தாலே இறுகிவிடும். அதைத் தண்ணீரில் இறக்கினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம், ஹமோனும் தெளிவாக விழாது.

அடுத்தது சூடு. ஷிரோகாமி மாதிரி எஃகுக்கு 760 முதல் 800 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் ஏற ஏற எஃகின் உள்ளே இருக்கும் படிக மணிகள் பருத்துவிடும். அப்புறம் அரம் வழுக்குகிற அளவுக்குக் கெட்டியாக இருந்தும் ஒரு தட்டுத் தட்டினால் ஒடிந்துவிடும். ஒடிந்த முகம் சர்க்கரை போல மின்னினால் சூடு மீறிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். வெயிலில் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், பார்ப்பவர் மேலும் ஊதுவார். ஜப்பானில் வாள் கொல்லர்கள் இந்த ஒரு வேலைக்குப் பட்டறையை இருட்டாக்கிக்கொள்வது அதற்காகத்தான். புதியவர்கள் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் போனபின் இன்னும் கொஞ்சம் மட்டும் ஏற்றினால் சரி.

மண் முழுக்கக் காய வேண்டும். ஈரம் இருந்தால் உலையிலேயே செதில் செதிலாக உதிரும். வாய்ப்பகுதியை மண்ணே இல்லாமல் விடுவதும் தவறு: மெல்லிய பூச்சு இருந்தால் நீராவிப் படலம் ஒட்டி நிற்காது, அலகு சீராகக் குளிரும். தோய்ப்பதற்கு முன்பே வாயைக் கூராகச் சீவிவிடாதீர்கள், ஒரு மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

வாளுக்கு வேண்டிய வளைவு முழுவதையும் சம்மட்டியிலேயே கொண்டுவந்துவிடுவார்கள் சிலர். தண்ணீரில் இறங்கியதும் வாய்ப்பக்கம் முதலில் சுருங்கி அலகு முன்னால் குனியும். பிறகு மார்ட்டன்சைட் (வேகமாகக் குளிர்ந்த எஃகின் கெட்டியான நிலை) உண்டாகும்போது அந்தப் பக்கம் விரிந்து பின்னால் நிமிரும். அந்த வளைவுக்கு இடம் விட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்த இழுவையில் வாய்க்குக் குறுக்கே மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் அதற்கு ஹகிரே என்று பேர். அந்த வாள் போனதுதான், பூசி மறைக்கக் கூடாது.

தோய்ச்சல் முடிந்ததும் பதம் இறக்குவதை, அதாவது மிதமான சூட்டில் வைத்து இறுக்கத்தைத் தணிப்பதை, நாளைக்குத் தள்ளாதீர்கள். உள்ளே இறுக்கத்தோடு இருக்கும் அலகு சும்மா கிடக்கும்போதே விரிசல் விடலாம். 150 முதல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். பிறகு சாணை பிடிக்கும்போது தண்ணீர் தாராளமாக ஓடட்டும். நுனியில் நீல நிறம் ஏறிய இடம் மிருதுவாகிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்து நீக்க முடியாவிட்டால் கத்தி மறுபடியும் உலைக்குத்தான் போக வேண்டும்.