டப்பாவில் பறப்பது எந்த அந்து? இரண்டைப் பிரித்தறியும் முறை

ரவை, வேர்க்கடலை, முந்திரி என்று எதில் வந்தாலும் நமக்கு அது 'அந்து'தான். ஆனால் உலர்ந்த உணவுப் பொருட்களில் வரும் இரண்டு அந்துகள் நெருங்கிய சொந்தம். ஒன்று புளோடியா இன்டர்பங்டெல்லா என்கிற இந்திய மாவு அந்து. மற்றது காட்ரா காட்டெல்லா என்கிற பாதாம் அந்து. இரண்டும் உட்கார்ந்திருக்கும்போது சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். அளவை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

1. சுவரில் உட்கார்ந்திருக்கும்போது மேலே டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடியுங்கள். கையால் பிடித்தால் இறக்கைச் செதில் உதிர்ந்துவிடும். அப்புறம் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அப்படியே ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள்.

2. முன் இறக்கையைப் பாருங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். தலைப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெளிர் நிறமாகவும், மீதி செம்பு கலந்த பழுப்பாகவும் இருந்தால் இந்திய மாவு அந்து. இறக்கை முழுக்கச் சாம்பல் பழுப்பாக இருந்து, குறுக்கே மங்கலான கருங்கோடு ஓடினால் பாதாம் அந்து. வயதான பூச்சியில் செம்பு நிறம் தேய்ந்திருக்கும். அதனால் இதோடு நிறுத்த வேண்டாம்.

3. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், பக்கவாட்டில் முகத்தைப் பாருங்கள். வாயருகே உள்ள உணர்உறுப்பு அலகு போல நேராக முன்னால் நீண்டிருந்தால் மாவு அந்து. முகத்தை ஒட்டி மேல்நோக்கி வளைந்திருந்தால் பாதாம் அந்து. இறக்கை தேய்ந்த பூச்சிக்கு என் கணக்கில் இதுதான் நம்பகமான அடையாளம்.

4. புழு கிடைத்தால் இன்னும் நல்லது. உடல் நெடுக, முடி முளைக்கும் இடங்களில் கரும்புள்ளிகள் தெரிந்தால் பாதாம் அந்து. மாவு அந்தின் புழுவில் அப்படிப் புள்ளி வரிசை இருக்காது. புழுவின் நிறத்தை நம்பாதீர்கள். தின்னும் பொருளைப் பொறுத்து வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை என்று மாறும்.

இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்ததை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இரண்டு இனத்திலும் பெண் பூச்சி விடும் முக்கிய வாசனைப் பொருள் ஒன்றே. ஒரே பொறியில் இரண்டின் ஆண்களும் வந்து ஒட்டும்.

சரி, பிடித்தது குறியே இல்லாத வெறும் வெளிர் பழுப்பாக இருந்தால்? அரிசியிலும் கம்பிலும் வரும் கார்சைரா அந்தாக இருக்கலாம். டிரைக்கோகிரம்மா என்கிற, பூச்சி முட்டைக்குள் வளரும் குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வளர்க்க ஆய்வகங்களில் முட்டைக்காக வேண்டுமென்றே வளர்ப்பதும் அதைத்தான்.